செவ்வாய்க்கிழமைச் சவரம்

ஒரு பிளேடு இருக்கிற இடத்தில் ஐந்து பிளேடு எதற்கு? பழைய ‘ஷேவிங் செட்’டைத் தேடும் ஆண்களும், முகத்தில் அவர்கள் போடும் கணக்கும்

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. சேலம் செவ்வாய்ப்பேட்டை. மண்டித் தெருவுக்குள் லாரி ஒன்று பின்னோக்கி நுழைய, மூட்டை தூக்குபவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தயாராக நிற்கிறார்கள். வெல்லத்தின் வாசனை, மிளகாய் நெடி, எங்கோ ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசைத் தட்டுகிற சன்னமான ஓசை. எல்லாக் கடையும் திறந்தாயிற்று, சலூன்கள் மட்டும் ஷட்டரை இழுத்துவிட்டுத் தூங்குகின்றன.

செவ்வாய்ச் சந்தை கூடியதால் பெயர் பெற்ற ஊர். அந்தச் செவ்வாயன்றுதான் இங்கே யாருக்கும் சவரம் கிடைக்காது.

வெல்ல மண்டியில் கணக்கெழுதும் பெரியவர் ஒருவருக்கு அன்று மதியம் தங்கை பேத்தியின் நிச்சயதார்த்தம். மூன்று நாள் தாடி வெள்ளையாக முளைத்து நிற்கிறது. மண்டியின் பின்கட்டில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஆணியில் தொங்கும் கையகலக் கண்ணாடி முன் அவர் ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்தார். துணிப் பையிலிருந்து எடுத்தது, பித்தளையில் மூன்று துண்டாகப் பிரியும் பழைய ஷேவிங் செட்.

“வீட்ல போட்டா எங்கூட்டுக்காரி ‘செவ்வாய்க்கிழமையும் அதுவுமா’ன்னு ஆரம்பிச்சுருவா. அதான் தம்பி, இங்கயே முடிச்சுக்கறது.”

எட்டு நிமிடம். இரண்டு சுற்று. கன்னத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். எனக்கும் தடவிப் பார்க்கத் தோன்றியது, கேட்கவில்லை. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. அன்று காலை ஐந்து பிளேடு போட்ட கார்ட்ரிட்ஜால் நான் மழித்த என் தாடையில், சொல்லப்போனால், இன்னும் முள் குத்திக்கொண்டிருந்தது.

அந்தப் பித்தளைச் செட்டுக்குள் ஒரு ரகசியம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சாதுவும் முரடும்

அந்தச் செட்டைப் போல இரட்டை முனை பிளேடு போடும் ரேசர்களை இளைஞர்கள் மறுபடி தேடுகிறார்கள். அலுவலகத்தில், ஹாஸ்டலில், கல்யாண வீட்டு மாடியில் பேச்சு எப்படியோ அங்கே வந்துவிடுகிறது. கேள்வி ஒன்றுதான்: விலை குறைவாக இருக்க வேண்டும், ஆனால் ஒட்ட மழிக்க வேண்டும். எதை வாங்குவது?

விற்பவர்கள் ‘மைல்டு’, ‘அக்ரஸிவ்’ என்று இரண்டு ஜாதியாகப் பிரிக்கிறார்கள். நாம் சாது ரேசர், முரட்டு ரேசர் என்று வைத்துக்கொள்வோம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். முரடு என்பது பிளேடின் கூர்மையைப் பற்றிய பேச்சே இல்லை. ஒரே கம்பெனி பிளேடைச் சாதுவிலும் போடலாம், முரடிலும் போடலாம். அந்த பிளேடைத் தலைப்பகுதி எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலாவது, மேல்மூடியும் அடிப்பட்டையும் தோலைத் தொடும்போது அந்த இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டைத் தாண்டி பிளேடு எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பது. எட்டிப் பார்த்தால் முரடு. உள்ளே பதுங்கினால் சாது. இரண்டாவது, பிளேடின் விளிம்புக்கும் அடிப்பட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி. இடைவெளி கூடக் கூட நுரையும் முடியும் தாராளமாக உள்ளே போகும், தோலும் கொஞ்சம் மேலெழும்பி பிளேடுக்கு முகம் காட்டும்.

அளவு என்னவோ அற்பம்தான். ரேசோராக் என்ற கனடா கம்பெனி ‘கேம் சேஞ்சர்’ என்று ஒரு ரேசர் விற்கிறது. அதில் 68, 84 என்று இரண்டு வகை. இடைவெளி 0.68 மில்லிமீட்டர், 0.84 மில்லிமீட்டர் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வித்தியாசம் 0.16. கிட்டத்தட்ட ஒரு தாடி முடியின் தடிமன்! அந்த ஒரு முடி அளவில்தான் ஒன்று தினசரிச் சவரத்துக்கும், மற்றது மூன்று நாள் தாடிக்கும் என்று பிரிந்துவிடுகிறது. வெள்ளிக் கம்பியை இழுத்து இழுத்து மெலியவைக்கும் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அடிப்பட்டையில் சீப்புப் பல் போல வெட்டு இருந்தால் அது திறந்த சீப்பு வகை. நீண்ட முடியை வாரிக் கொடுக்கும். பல் இருந்தாலே முரடு என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம், பல் வைத்த சாதுக்களும் உண்டு. முரட்டு வகையில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது ஜெர்மனியின் மூலே கம்பெனி செய்யும் ஆர் 41. அதை முதல் ரேசராக வாங்குவது, மொபெட்டே ஓட்டாதவன் புல்லட்டில் ஏறி ஏற்காடு கொண்டை ஊசி வளைவுக்குப் போவது போல.

▌பெட்டிச் செய்தி: கையில் ஒரு ஸ்கேல் போதும்
▌கடையில் கோணமானி கேட்க முடியாது. பிளேடு மாட்டிய ரேசரைக் கண்ணுக்கு நேரே பக்கவாட்டில் பிடியுங்கள். மூடியின் விளிம்பையும் அடிப்பட்டையையும் ஒருசேரத் தொடும்படி ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மெல்லச் சாய்த்து வையுங்கள். ஸ்கேல் முதலில் பிளேடில் தட்டினால் முரடு. மூன்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் நடுவாந்தரம். பிளேடைத் தொடாமலே உட்கார்ந்துவிட்டால் சாது. இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் பிளேடு அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த ரேசர் வேண்டாம்.

51 ரேசரில் தொடங்கிய கதை

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ‘பிளேடு போடுகிறான்’ என்பீர்கள். (சலிப்பூட்டும் பேச்சுக்கு பிளேடு, அறுவை, ரம்பம் என்று தச்சுப் பட்டறையையே துணைக்கு அழைத்த மொழி நம்முடையது.) அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் 1901ல் கம்பெனி தொடங்கினார். விற்பனைக்கு வந்த முதல் ஆண்டான 1903ல் போனது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டே ரேசர் விற்பனை 90 ஆயிரத்தைத் தாண்டியது. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் பைக்குள் 35 லட்சம் ரேசர்கள் போய்ச் சேர, ஊர் திரும்பிய சிப்பாய்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். 1971ல் இரண்டு பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்தது. 1998ல் மூன்று. பிறகு ஐந்து. மேலை நாடுகளில் பழைய செட் மூலைக்குப் போனது.

இங்கே போகவில்லை. ஏன் என்பதுதான் சுவாரஸ்யம்.

காப்பாற்றியது சலூன்

1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 90களில் விழிப்புணர்வுப் பிரசாரம் ஊர் ஊராக வந்தது. லாரித் தொழிலால் வாழும் நாமக்கல் பக்கம் அதன் வேகம் இன்னும் அதிகம். அதுவரை சலூனில் தோல்வாரில் தீட்டித் தீட்டி ஒரே சவரக்கத்தியை எல்லோர் கழுத்திலும் வைத்துக்கொண்டிருந்தோம். “அண்ணா, புது பிளேடு போடுங்க” என்ற வாசகம் அந்த நாட்களில்தான் நாக்கில் ஏறியது. கத்தி போய், பாதியாக ஒடித்த பிளேடைச் செருகும் கைப்பிடி வந்தது. காகித உறையோடு சேர்த்து ‘டக்’கென்று பிளேடை ஒடிக்கும் அந்தச் சத்தம் கேட்டால்தான் இன்றும் நமக்கு நாற்காலியில் நிம்மதியாகச் சாய முடிகிறது.

ஒரு முகத்துக்கு அரை பிளேடு. தெருவுக்கு ஒரு சலூன். மொட்டை போடும் கோயில்களைத் தனியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இளைஞன் கார்ட்ரிட்ஜுக்குப் போன பிறகும் இரட்டை முனை பிளேடுக்கு இந்தியாவில் சந்தை குறையாமல் இருந்ததில் நம் முடிதிருத்துநர்களின் பங்கு பெரிது என்பது என் கணிப்பு. அதனால்தான் டோபாஸ், லேசர், செவன் ஓ கிளாக் என்று பெட்டிக்கடைச் சரத்தில் இன்னும் தொங்குகின்றன. இந்தியாவில் செய்யப்படும் பார்க்கர் ரேசர்களை அமெரிக்கர்கள் ஆசையாக வாங்குகிறார்கள். நாம் நம் நாட்டுச் சரக்கை அமேசானில் பார்த்து வெளிநாட்டுப் பொருள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொரு கதையும் உண்டு. 2002ல் ஜில்லெட் இந்தியாவுக்கென்று வெக்டர் ரேசரைக் கொண்டுவந்தது. அதற்கு முன் பரிசோதித்தது யாரை வைத்து? அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களை வைத்து. எல்லோரும் பிரமாதம் என்றார்கள். இங்கே வந்தால் படுத்துவிட்டது. காரணம் தண்ணீர். மாணவர்கள் திறந்த குழாயில் ரேசரைக் காட்டிக் கழுவினார்கள். நம் ஆட்கள் ஒரு குவளைத் தண்ணீரில் ஆட்டிக் கழுவினார்கள். பிளேடுகளுக்கு நடுவே முடி அடைத்துக்கொண்டது. பிறகு அந்தக் கம்பெனிக்காரர்கள் இந்திய வீடுகளில் வந்து உட்கார்ந்து, தரையில் சம்மணமிட்டு மங்கலான வெளிச்சத்தில் சவரம் செய்பவர்களைப் பார்த்துப் பாடம் படித்தார்கள். 2010ல் வந்தது ஒற்றை பிளேடு வைத்த ஜில்லெட் கார்டு. அப்போது ரேசர் 15 ரூபாய், மாற்றுத் தலை 5 ரூபாய். அவர்களுடைய மூன்று பிளேடு மாக் 3யில் 25 பாகம், இதில் 4.

மண்டிக் கணக்குப்பிள்ளையின் டம்ளர் தண்ணீர் ஞாபகம் இருக்கிறதா? உலகின் பெரிய ரேசர் கம்பெனி சறுக்கியது அந்த டம்ளரில்தான். மூன்று பாகமாகக் கழன்றுவரும் பழைய செட்டுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. முடி அடைத்தால் ஒரு ஆட்டு. போகவில்லையா, திருகைத் தளர்த்தினால் தீர்ந்தது.

மூன்று நாள் தாடியின் கணக்கு

முரட்டு ரேசர் யாருக்கு வேண்டும்? தினமும் மழிக்கிறவருக்குத் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு முறை மழிக்கும், முரட்டு முடி வளரும் சராசரித் தமிழனுக்கு அது பொருத்தம். மூன்று நாள் முடியைச் சாது ரேசர் நான்கு சுற்றுப் போட்டுத்தான் எடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் முடியோடு கொஞ்சம் தோலும் போகிறது. எரிச்சல் வருவது ரேசர் முரடு என்பதால் அல்ல, அதே இடத்தை ஐந்தாவது முறை இழுப்பதால். இரண்டே சுற்றில் வேலை முடிந்தால் முரடே மென்மை.

கார்ட்ரிட்ஜுக்கு வேறொரு வம்பு. முதல் பிளேடு முடியை இழுத்துத் தூக்க, அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழே போய் வெட்டுகிறது. அன்று மாலை வரை வழுவழு. சுருள் முடிக்காரர்களுக்கு நான்காம் நாள் அந்த முடி வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே வளைந்து கொப்புளமாகிறது. கழுத்தில் பொரிப் பொரியாக இருப்பவர்கள் க்ரீமை மாற்றுவதற்கு முன் பிளேடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்க்கலாம்.

காசுக் கணக்கு எளிது. உங்கள் தெருக் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கார்ட்ரிட்ஜ் 120 ரூபாய், எட்டு முறை வரும் என்றால் ஒரு சவரம் 15 ரூபாய். ஒரு இரட்டை முனை பிளேடு 3 ரூபாய், மூன்று முறை வரும் என்றால் ஒரு சவரம் 1 ரூபாய். வாரம் இரண்டு முறை மழிக்கிறவருக்கு வருஷத்துக்கு 1,560 எங்கே, 104 எங்கே. ஆயிரம் ரூபாய்க்கு ரேசர் வாங்கினாலும் ஒரு வருஷத்துக்குள் முதல் திரும்பிவிடுகிறது. மண்டியில் இதை வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவார்கள்.

எனவே ரேசரில் மிச்சம் பிடிக்காதீர்கள், பிளேடில் பிடியுங்கள். மிக மலிவானவை துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி, மேலே குரோம் முலாம் பூசியவை. மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குளியலறைத் தரையில் ஒருமுறை விழுந்தால் திருகாணி முறியலாம், முலாம் பெயர்ந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். பித்தளை நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேரனுக்கும் வரும். இந்தியத் தயாரிப்பில் நடுவாந்தரத்தைக் கொஞ்சம் தாண்டிய முரடு ஒன்று வாங்கி, கூர்மையான பிளேடைப் போடுங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

▌பெட்டிச் செய்தி: காந்தம் ஒட்டுமா?
▌சேலம் இரும்பாலையால் சேலத்துக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் 1981 முதல் உறவு. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, பிளேடில் ஒட்டும். இரண்டும் துருப்பிடிக்காத எஃகுதான், இனம் வேறு. பிளேடு எஃகில் குரோமியம் சுமார் 13 சதவீதம், கார்பன் அதிகம். சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குகிறார்கள்.
▌தலைமுடியோ எஃகைவிட சுமார் 50 மடங்கு மென்மை. பின் ஏன் பிளேடு மழுங்குகிறது? எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020ல் மின்னணு நுண்நோக்கி வைத்துப் பார்த்தார்கள். விளிம்பு மெல்லத் தேயவில்லை, சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. முடி சாய்ந்து வளைந்து வெட்டுப்படும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் சில்லு விழுகிறது. ‘இழுக்குதே’ என்று தோன்றும் அன்றே பிளேடை மாற்றிவிடுங்கள்.

போர்த் தண்ணியும் காவிரித் தண்ணியும்

ரேசரை மாற்றிய பலர் செய்யும் தவறு, கையை மாற்றாமல் இருப்பது. கார்ட்ரிட்ஜ் பழக்கத்தில் அழுத்துவார்கள். முரட்டு ரேசரை அழுத்தினால் ரத்தம்தான். கைப்பிடியின் அடியை இரண்டு விரலால் பிடித்து, ரேசரின் கனமே இறங்கட்டும் என்று விடவேண்டும். மூடியைக் கன்னத்தில் படுக்கவைத்து, பிளேடு தொடும்வரை கைப்பிடியை மெல்ல இறக்கினால் சுமார் 30 டிகிரி கிடைக்கும். அங்கேயே நிறுத்துங்கள். முதல் சுற்று முடி படிந்த திசையில், இரண்டாவது குறுக்கே. எதிர்த் திசையில் போடுவது, சலூனில் “எதிர் போடவாங்ணா?” என்று கேட்பார்களே அது, முதல் ஒரு மாதத்துக்கு வேண்டாம். கழுத்தில் முடி ஒரே பக்கமாக வளராது, விரலால் தடவித் தெரிந்துகொள்ளுங்கள்.

குளித்த பிறகு மழியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் தண்ணீர் குடித்த முடி சொன்னபடி கேட்கும். எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். எங்கள் பக்கத்து போர்த் தண்ணியில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகத் திரளும். கடினநீரின் கால்சியம் சோப்போடு சேர்ந்து பிசுக்காகிறது. நுரை இல்லாத இடத்தில் பிளேடு வழுக்காமல் தடுக்கும், வெட்டும். ஆளாளுக்கு க்ரீமைத் திட்டுகிறார்கள். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரை ஒரு குவளை பிடித்துவைத்து நுரை போட்டுப் பாருங்கள், அதே க்ரீம் பொங்கும். முடிவில் ஈர முகத்தில் படிகாரக் கல்லை ஒரு தேய்ப்பு. எரிகிற இடம் எது என்று பாருங்கள். அங்கேதான் அழுத்தியிருக்கிறீர்கள். படிகாரத்தைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது.

இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு முரட்டு ரேசர் வாங்கித் தரக் கிளம்பும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை நோயால் புண் ஆற நாளாகிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது வேண்டாம். சாது ரேசரோ மின்சார ரேசரோ போதும். முகம் முழுக்கப் பரு உள்ள பிள்ளைகளும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும். வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தால் ரேசரைப் பகிரலாம் என்ற எண்ணத்தையும் விடுங்கள், சலூனில் கற்ற பாடம் வீட்டுக்கும்தான்.

உள்ளே இருந்த இன்னொன்று

இப்போது அந்த ரகசியம். பெரியவர் செட்டைக் கழற்றிக் கழுவியபோது பார்த்தேன். மூடிக்கும் அடிப்பட்டைக்கும் நடுவே இரண்டு பிளேடு இருந்தன. மேலே புதுசு. அதன் அடியில் பழசு, இரு பக்க விளிம்பும் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கப்பட்ட மொட்டை பிளேடு.

“இது எங்கப்பாரு செட்டுங்க தம்பி. ரொம்ப நல்லது, ஆனா முடியப் புடிக்காது. சும்மா தடவும். எங்கப்பாருக்கு மீசையே லேசு, அவருக்குப் பத்துச்சு. எனக்குப் பத்தல. பழசு ஒண்ண வெட்டி அடியில குடுத்தேன், புடிச்சுக்கிச்சு.”

பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். அடியில் ஒன்றைக் கொடுத்தால் மேல் பிளேடு அந்த அளவுக்கு உயர்கிறது, இடைவெளி கூடுகிறது, விளிம்பு வெளியே எட்டுகிறது. சாது ரேசர் ஒரு படி முரடாகிறது. 0.68க்கும் 0.84க்கும் கம்பெனி தனித்தனி அச்சு வார்க்கிறது. இவர் செலவில்லாமல் பாதி தூரத்துக்கு மேல் போய்விட்டார். மேல்நாட்டு ரேசர் பிரியர்களும் இதையே செய்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். பெரிதாக ஆச்சரியப்படவில்லை. “கதவு ஆடுச்சுன்னா அட்டை மடிச்சு வெப்பமுல்ல, அது மாதிரித்தானுங்க” என்றார். (நீங்களும் செய்வதென்றால் விளிம்பை முழுக்க வெட்டிவிடுங்கள். ஒரு பழைய பிளேடுக்கு மேல் வேண்டாம்.)

தேய்ந்த பிளேடை என்ன செய்வது? தையல்காரர் நூல் பிரிப்பார், பள்ளிக்கூடப் பிள்ளை பென்சில் சீவும், மீதி ஜன்னல் சட்டத்தில் செருகிக் கிடக்கும். அதற்கும் பிறகு குப்பை. அந்தக் குப்பையைக் கையால் பிரிக்கிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். மண்டித் தெருவில் அதை மேய்வது மாடு. அமெரிக்காவின் பழைய வீடுகளில் குளியலறைச் சுவரிலேயே ஒரு பிளவு வைத்திருந்தார்கள். பிளேடைப் போட்டால் சுவருக்குள் விழுந்து கிடக்கும். வீட்டை இடிக்கிறவன் பாடு. பிளேடுக்கு மாறுகிறவர்கள் முதல் நாளே ஒரு மூடிய டப்பாவில் கீறல் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நிறைந்தால் வாயை ஒட்டிப் பழைய இரும்புக் கடையில் கொடுக்கலாம்.

பெரியவரிடம் அப்படி ஒரு டின் இருந்தது. அரைக் கிலோ மால்ட் பவுடர் டின், பெயர் தேய்ந்து போயிற்று. மூடியில் உளியால் அடித்த ஒரு கீறல். அன்றைய பிளேடை உறைக் காகிதத்தில் சுற்றி அதற்குள் தள்ளினார். கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன். பாதிகூட இல்லை.

“எத்தனை வருஷமாங்க போடறீங்க?”

“எங்கப்பாரு காலத்துலேர்ந்து” என்றார். டின்னை அலமாரியில் வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டையைத் தேடினார். வாசலில் வெல்ல ஏலத்துக்கு ஆள் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.